ஐந்தாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு

மருந்துக்கடைக்கு எதிரே உள்ள மூன்றாவது வேகத்தடையில் என் மனைவி வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். என் தோளை இரண்டு முறை தட்டினாள், நான் நிறுத்தினேன், அவள் இறங்கினாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சாலையோரமாக வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். நானும் மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டு, அதை உருட்டிக்கொண்டே அவளுக்குப் பின்னால் நடந்தேன். அவள் நடக்கும்போது நான் மட்டும் ஓட்டிக்கொண்டு போவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

அவளுக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. வரும் திங்கட்கிழமை விடுப்பு முடிகிறது. பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில், கருவி அறையின் பொறுப்பாளராக அவள் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். உட்காரலாம், நடக்கலாம், குலுக்கல் மட்டும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேருந்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டும், அது முடியாது. ஆட்டோவைப் பற்றிக் கேட்டபோது மருத்துவர் பதில் சொல்லாமல் சிரித்தார். எஞ்சியது எங்கள் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அதில் இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை இரண்டாவது வேகத்தடை வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் புதன்கிழமை மூன்றாவது வரை வந்தாள்.

வீட்டுக்கு வந்து, ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு லெட்டர் எழுதணுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்க. வேலைய விட்டுடறேன்னு, மரியாதையா, ரெண்டு வரில போதும். திங்கக்கிழமை காலைல நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பிறருக்காக இத்தகைய கடிதங்கள் பலவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று மாலையே ஒரு வரைவை எழுதிவிட்டேன். ஆனால் அதை அவளிடம் காட்ட மனம் வரவில்லை. இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே செருகி வைத்தேன். ரெண்டு வரிக்கு எத்தனை நாள் திருத்துவீர்கள் என்று அவள் கேட்டாள். இரண்டு வரிகள்தாம் எப்போதும் கடினம் என்றேன். அது பொய்யல்ல.

மறுநாள் காலை, அவள் எழுந்திருக்கும் முன், வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாக அந்த வண்டியை ஓட்டுகிறேன். அதன் பின்பக்கத்தை அவ்வளவு அருகில் பார்த்தது அதுவே முதல் தடவை. சக்கரத்தின் இருபுறமும் சுருள்வில் சுற்றிய ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இரும்பு வளையம். அந்த வளையத்தின் விளிம்பு மாடிப்படி போல ஐந்து படிகளாக வெட்டப்பட்டிருந்தது. படி ஏற ஏற வில் இறுகும். இறங்க இறங்கத் தளரும். இரண்டு பக்கமும் ஐந்தாம் படியில் நின்றன.

காரணம் உடனே நினைவுக்கு வந்தது. வண்டி வாங்கிய புதிதில், என் மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு மாதம் எங்களோடு தங்கியிருந்தார். தாராளமான மனம், உடலும் அப்படியே. அவர் பின்னால் உட்கார்ந்தால் சக்கரம் மட்கார்டில் உரசும். எங்கள் தெரு மெக்கானிக்தான் வில்லைக் கடைசிப் படிக்கு ஏற்றிக் கொடுத்தார். மைத்துனர் ஊருக்குப் போய்விட்டார்; படி இறங்கவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்தாலும் எடையில் அவர் ஒருவருக்கு ஈடாக மாட்டோம். அந்த வில் எங்களுக்காக அசையக்கூட இல்லை. நாங்களோ இரண்டு ஆண்டுகளாகச் சாலையைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சாலையைச் சீர்செய்யக் கோரி நான் நகராட்சிக்கு இரண்டு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன் என்பதை வெட்கத்துடன் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மெக்கானிக்கிடம் போனேன். சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து நாலு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும் என்றார். அவர் ஏற்றியதும் அப்படித்தான் என்பது, இடப்பக்க வளையத்தில், திருப்புவதற்கென்று இருந்த வெட்டுகளில் ஒன்று சிதைந்திருந்ததைப் பார்த்தால் தெரிந்தது. இன்னொரு அடியைத் தாங்குமா என்று கேட்டேன்.

"தாங்குனா தாங்கும் சார். இல்லன்னா ரெண்டு பக்கமும் புதுசா போட்டுக்கலாம். ஆர்டர் போட்டா பத்து நாள்ல வந்துடும்."

திங்கட்கிழமைக்கு நான்கு நாள்களே இருந்தன. அடிக்காமல் திருப்ப வழியே இல்லையா என்று மன்றாடாத குறையாகக் கேட்டபோது, அதற்கென்றே கொக்கி போல வளைந்த ஒரு ஸ்பேனர் உண்டு என்றும், வண்டியோடு கொடுப்பார்கள் என்றும், சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் வாங்கியது பழைய வண்டி. சீட்டுக்கு அடியில் ஒரு கந்தல் துணியும், முந்தைய உரிமையாளரின் சீப்பும் இருந்தன.

அச்சகத்திற்குப் போகும் வழியில் இரும்புக் கடைகளில் ஏறினேன். முதல் கடையில், "வளைஞ்ச மாதிரி, நுனியில ஒரு பல்லோட, கைப்பிடி வெச்சு, உங்ககிட்ட இருந்தா, சிரமம் இல்லன்னா" என்று நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் கடைக்காரர் வேறு இரண்டு பேருக்குச் சாமான் கட்டிக் கொடுத்துவிட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டிக்குத்தான் கேக்கறீங்களா சார், இல்ல கதிர் அறுக்கவா?"

இரண்டாவது கடையில் அப்படி ஒரு பொருள் இருந்தது. வாங்கி வந்து, மாலையில் மனைவி உறங்கிய நேரத்தில் முயன்றேன். கொக்கியின் வளைவு பெரிது. வளையத்தைத் தழுவாமல் வழுக்கிற்று. என் விரல் முட்டி சைலன்சரைப் பிடித்திருக்கும் தகட்டில் மோதிக் கிழிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். என்ன ஆயிற்று என்று கேட்டாள். அச்சகத்தில் தாள் கிழித்துவிட்டது என்றேன்.

"எந்தத் தாளுங்க அது, தகரத் தாளா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நம்பிக்கை கொடுத்து அது பொய்த்துப் போனால், மூன்றாவது முறையும் அவள் நடந்து வீடு திரும்புவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. காரணம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது கடை. கடையை நடத்திய அம்மையார் நான் கொண்டுபோயிருந்த கொக்கியைக் கையில் வாங்கி, உள்வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இதுல சின்னதும் பெருசுமா ஏழெட்டு அளவு வரும் தம்பி. நாங்க ஒன்னே ஒன்னு வெச்சிருந்தா உங்களுக்குப் பொருந்தணும்னு என்ன இருக்கு? மெஷின் வேலை நடக்கிற எடத்துலதான் எல்லா அளவும் இருக்கும். தெரிஞ்ச டூல் ரூம் ஏதாச்சும் இருக்கா?"

"ஒன்னு இருக்குங்க" என்றேன்.

மதிய இடைவேளையில் என் மனைவியின் தொழிற்சாலைக்குப் போனேன். அந்தக் கருவி அறையை அதற்கு முன் நான் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் சுவர் முழுவதும் பலகை. பலகை முழுவதும் கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவம் வெள்ளை வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தது. ஒருவர் ஒன்றை எடுத்துச் சென்றால் அதன் வெள்ளை உருவம் மட்டும் வெறுமையாகத் தெரியும். அந்த ஆணியில் எடுத்தவரின் பித்தளை டோக்கன் தொங்கும். யாரிடம் எது இருக்கிறது என்று எந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியதில்லை. இது என் மனைவி செய்த ஏற்பாடு என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். கேட்டபோது "நல்லது" என்று சொல்லியிருக்கிறேன். பார்த்தபோதுதான் அது எவ்வளவு நல்லது என்று புரிந்தது. கீழ் வரிசையில், சிறிதிலிருந்து பெரிதாக, ஏழு கொக்கிகள் வரிசையாகத் தொங்கின.

அவளுக்குப் பதிலாகப் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் அவருக்குச் 'சட்டம்' என்று பெயர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து, தம் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். தங்கச்சி எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று விசாரித்தார். தண்ணீர் கொடுத்தார். ஸ்பேனர் மட்டும் கொடுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மாப்ள. போர்டப் படிங்க."

படித்தேன். 'டோக்கன் இல்லாமல் கருவி இல்லை. வெளிவேலைக்கு வரைபடம் வேண்டும். டோக்கனுக்கு உரியவரே திருப்பித் தர வேண்டும்.' அது என் கையெழுத்து. சில ஆண்டுகளுக்கு முன் அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியின் தொடக்கத்தில் நான் சேர்த்திருந்த 'தயவுசெய்து' என்னும் சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அது அவளுடையது.

"கடவுளே வந்து கேட்டாலும் டோக்கனக் கேளுங்கன்னு சொல்லிட்டுத்தான் தங்கச்சி லீவுல போச்சு" என்றார் சட்டம். "நீங்க கடவுள் இல்லையே மாப்ள."

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"சரி, எந்த அளவு வேணும்?"

அதுவும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னை இரக்கத்துடன் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவள் தரையில் பாய் விரித்து, முழங்கால்களை மடக்கிப் படுத்து, பிசியோதெரபிப் பயிற்சியை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கோபப்படக் கூடாது என்று முன்னுரை சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மைத்துனர், ஐந்தாம் படி, சிதைந்த வெட்டு, கதிர் அறுக்கும் கடைக்காரர், தகரத் தாள், கடவுள் வரை. அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பன்னெண்டு வருஷமா நான் அங்க என்ன வேலை பாக்கறேன்னு நினைச்சீங்க?"

திடீரென்று அவள் வயிறு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன்.

"கதிர் அறுக்கவான்னா கேட்டான்? ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, முதுகு வலிக்குது."

சிரிப்பு அடங்கியதும், பக்கவாட்டில் புரண்டு, மருத்துவர் கற்றுக் கொடுத்த விதத்தில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஐந்து மாதமாக நான் கேட்காத ஒரு குரலில், அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. வளையத்தில் இருப்பது சதுர வெட்டா, வட்ட ஓட்டையா? ஒரு சுற்றுக்கு எத்தனை? சுற்றிலும் விரல் நுழைய இடம் இருக்கிறதா? நான் வாசலுக்கும் அறைக்குமாக ஓடி ஓடிப் பார்த்து வந்து சொன்னேன். கடைசியில் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்து, வளையத்தைச் சுற்றி அளந்து வரச் சொன்னாள். நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தோம். பத்தொன்பதரை சென்டிமீட்டர்.

"அப்ப குறுக்களவு அறுபத்திரண்டு மில்லி" என்றாள், கண்ணை மூடித் திறப்பதற்குள். "கீழ் வரிசைல நாலாவது ஆணி. அம்பத்தெட்டுலேர்ந்து அறுபத்திரண்டு வரைக்கும் பிடிக்கும். நீங்க வாங்கிட்டு வந்தது அதுக்கு அடுத்த அளவு. பேப்பர் குடுங்க, வரைஞ்சு தரேன்."

கைக்கு எட்டிய செய்தித்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அது என்ன தாள் என்று தெரிந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். ராஜினாமா வரைவின் இரண்டு வரிகளையும் படித்தாள் என்றே நினைக்கிறேன். பிறகு மறுபடி திருப்பி, வெற்றுப் பக்கத்தில் வளையத்தை வரைந்து, அளவுகளைக் குறித்தாள். கைப்பையின் அடியில் துழாவி, ஏழாம் எண் பொறித்த பித்தளை டோக்கனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஐந்து மாதத்தில் அது கொஞ்சம் கறுத்திருந்தது.

சனிக்கிழமை தொழிற்சாலைக்கு அரைநாள். டோக்கனையும் வரைபடத்தையும் ஜன்னல் வழியே நீட்டினேன். விடுப்பில் இருப்பவரின் டோக்கன் செல்லுமா என்று சட்டம் சற்று நேரம் யோசித்தார். போர்டை ஒரு முறை முழுவதும் படித்தார். விடுப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, நான்காவது ஆணியிலிருந்து கொக்கியை எடுத்து, ஏழாம் எண்ணை அங்கே மாட்டினார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். அளவுகளை விரலால் தொட்டுச் சரிபார்த்தார். தாளைத் திருப்பினார்.

அவர் படிப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வரிகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். தாளை மறுபடி திருப்பி, வரைபடம் மேலே இருக்குமாறு, வெளிவேலைக் கோப்பில் துளையிட்டுக் கோத்தார்.

"மாப்ள, மூணாவது வரி ஞாபகம் இருக்கில்ல? டோக்கன்காரங்களே வந்து திருப்பிக் குடுக்கணும். நீங்க கொண்டுவந்தா நான் வாங்க மாட்டேன். திங்கக்கிழமை எட்டு மணி."

நன்றி சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னாள். சக்கரம் தரையைத் தொடாதபோதுதான் வில் மேல் பாரம் இராதாம். சிதைந்த வெட்டை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததில் பல்லை மாட்டச் சொன்னாள். மாட்டினேன். வளைவு வளையத்தை அப்படியே அணைத்துக்கொண்டது. கடையில் வாங்கிய கொக்கி வழுக்கிய இடத்தில் இப்போது இந்தக் கொக்கி அசையாமல் நின்றது.

"இழுங்க. முறுக்காதீங்க, இழுங்க."

டக் என்றது. நான்காம் படி. இன்னொரு டக். மூன்று. இன்னொன்று. முதல் படிக்கும் இறக்கிவிடலாமா என்று ஆசையுடன் கேட்டேன்.

"ரொம்ப இறக்கினா மேட்டுல அடி தட்டும். அதுவும் முதுகுக்குத்தான் விழும். ரெண்டே போதும். அந்தப் பக்கமும் ரெண்டு. ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும், எண்ணிக்கிட்டே பண்ணுங்க."

வலப்பக்கத்தை முடித்தபோது என் சட்டை நனைந்திருந்தது. ஒரு சுற்று போய்ப் பார்க்கலாமா என்றேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நாளைக்கே பாத்துக்கலாம். எப்படியும் ஸ்பேனரத் திருப்பிக் குடுக்கப் போய்த்தானே ஆகணும்."

திங்கட்கிழமை ஏழேகால் மணிக்குப் புறப்பட்டோம். கொக்கியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தாள். முதல் வேகத்தடையில் வண்டி குனிந்து நிமிர்ந்தது. அது குனியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டாவதில் பின்னால் ஒரு மூச்சு இழுபட்டது. நிறுத்தட்டுமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மருந்துக்கடை தெரிந்தது. மூன்றாவது மேட்டுக்கு முன் ஏறக்குறைய நடக்கும் வேகத்துக்குக் குறைத்தேன். என் தோள் அந்த இரண்டு தட்டுகளுக்காகக் காத்திருந்தது. கை வந்தது, தோளில் படிந்தது, தட்டவில்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

"போங்க" என்றாள்.

தொழிற்சாலையில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், அவளும் சொல்லவில்லை. இருந்தாலும் நிமிர்ந்து நின்றாள். கருவி அறை ஜன்னலில் சட்டம் தயாராக இருந்தார். கொக்கியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிரீஸ் ஒட்டியிருக்கு தங்கச்சி. தொடச்சுத்தான் வாங்கணும்னு நீதான் சொல்லியிருக்க."

அவள் ஜன்னலோரம் தொங்கிய துணியை உரிமையோடு எடுத்து, பல்லிலிருந்து கைப்பிடி வரை துடைத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கதவைத் திறந்து விட்டார்.

"நீயே மாட்டிக்கோ. உன் டோக்கன நீயே எடுத்துக்கோ. பேக்கிங்ல என்னைத் தேடறாங்க."

அவள் உள்ளே போனாள். நான்காவது ஆணியிலிருந்து ஏழாம் எண்ணை எடுத்துக்கொண்டு, வெள்ளை உருவத்தின் மேல் கொக்கியை மாட்டினாள். பிறகு பலகை முழுவதையும் ஒரு நோட்டம் விட்டு, மேல் வரிசையில் இரண்டு ஸ்பேனர்கள் இடம் மாறித் தொங்குவதைக் கண்டுபிடித்து, யார் பார்த்த வேலை இது என்று கேட்டாள். சட்டம் அதற்குள் நடையின் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டிருந்தார்.

நான் தயங்கி நின்றேன். வெளிவேலைக் கோப்பு மேசைமேல் இருந்தது. அதிலுள்ள ஒரு தாளைத் திரும்பத் தர இயலுமா என்று கேட்கலாமா என யோசித்தேன். அவள் என் பார்வையைத் தொடர்ந்து கோப்பைப் பார்த்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும். வரைபடத்தக் கிழிக்கக் கூடாது, ரூல் இருக்கு" என்றாள். "நாலரைக்கு வந்துடுங்க. அந்த ரெண்டாவது மேட்டுல மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா."